எபிதீலியத்தைப் பிரித்துச் சேர்த்துப் பாருங்கள்: செல் ஒட்டு மூலக்கூறுகளைக் கற்க ஒரு முதல் வழி

செல் ஒட்டு மூலக்கூறுகளைப் படிக்கத் தொடங்குகிற பலரும் முதல் வாரத்திலேயே மனத்தில் ஒரு சுவரைக் கட்டிவிடுகிறார்கள். செல்கள் செங்கல், இந்த மூலக்கூறுகள் சாந்து. பூசினால் ஒட்டும், காய்ந்தால் இறுகும். இந்தப் படத்தோடு கருவளர்ச்சிப் பாடத்துக்குள் போனால் தலையும் புரியாது, காலும் புரியாது. கருவில் எபிதீலியம், அதாவது பரப்புகளை மூடும் செல் அடுக்கு, மடிகிறது, நீள்கிறது, குழாயாகச் சுருள்கிறது. சில இடங்களில் கலைந்து போய் வேறோர் இடத்தில் மறுபடி கூடுகிறது. சாந்து பூசிய சுவர் இதில் எதைச் செய்யும்?

கூட்டத்தில் கைகோத்து நிற்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். கோத்த கையை இறுக்கலாம், இழுக்கலாம், ஒருவர் கையை விட்டு அடுத்தவர் கையைப் பிடிக்கலாம். வரிசை அறுபடாமலே ஆட்கள் இடம் மாறலாம். எபிதீலியம் செய்வது இதைத்தான். இதை நூலில் படித்து நம்புவதைவிட ஒரு முறை நுண்ணோக்கியில் பார்த்துவிடுவது மேல். செல்கள் வளர்ந்து தயாராக இருந்தால் அதற்கு ஒரு நாள் போதும். கால்சியத்தை எடுத்துவிட்டு, திருப்பிக் கொடுத்து, செல்கள் மறுபடி எப்படிச் சேர்கின்றன என்று பார்க்கும் சோதனை அது. செல் வளர்ப்பு ஓரளவு பழகிய, ஒட்டு மூலக்கூறுகளுக்குப் புதியவருக்காக அதைப் படிப்படியாக எழுதுகிறேன். கடைசியில், அதில் கற்றதை வைத்துக் கருவை எப்படிப் படிப்பது என்பதற்கும் வருகிறேன்.

தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

எபிதீலியச் செல் ஒன்றை மேலிருந்து கீழாகப் பாருங்கள். உச்சியில் இறுக்கச் சந்திப்பு: கிளாடின், ஒக்லூடின் முதலியவை செல்களுக்கு இடையிலான இடுக்கை அடைத்து, எது கசியலாம் எது கூடாது என்று தீர்மானிக்கின்றன. அதன் கீழே ஒட்டுச் சந்திப்பு: கேட்ஹெரினும் நெக்டினும் இருக்கும் இடம். அதற்கும் கீழே பொட்டுப் பொட்டாக டெஸ்மோசோம்கள். டெஸ்மோகிளீன், டெஸ்மோகொலின் என்ற கேட்ஹெரின் உறவினர்கள் அங்கே கெரட்டின் இழைகளோடு பிணைந்திருக்கின்றன. அடிப்பக்கத்தில் இன்டெக்ரின்கள் செல்லை அடிச்சவ்வோடு கட்டிவைக்கின்றன. இந்த மேல்-கீழ் அடுக்கை 1963இல் ஃபார்குவாரும் பலாடேயும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்துக் காட்டினார்கள். இன்றும் பாடநூல் படங்கள் அதே வரிசையில்தான் இருக்கின்றன.

இப்போதைக்கு இந்த நான்கில் ஒன்றை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: இ-கேட்ஹெரின். செல்லுக்கு வெளியே ஐந்து மணிகள் கோத்ததுபோல ஐந்து பகுதிகள். அடுத்தடுத்த இரண்டு மணிகளுக்கு இடையே மூன்று கால்சியம் அயனிகள் உட்கார்கின்றன. ஆக நான்கு இடைவெளிகளில் பன்னிரண்டு. அவை இருந்தால் தண்டு விறைத்து நிற்கும். இல்லாவிட்டால் தொய்ந்துவிடும், தொய்ந்த தண்டால் எதிர்ச் செல்லின் கேட்ஹெரினைப் பிடிக்க முடியாது, புரதத்தைச் சிதைக்கும் நொதிகளுக்கும் அது எளிதில் இரையாகிவிடும். நாம் செய்யப்போகும் சோதனை முழுவதும் இந்த ஒரு செய்தியின் மேல் நிற்கிறது.

செல்லுக்குள்ளே நீட்டியிருக்கும் வாலில் பீட்டா-கேட்டெனின் பிடிக்கிறது, அதை ஆல்ஃபா-கேட்டெனின் பிடிக்கிறது, அது செல்லின் உட்சட்டமான ஆக்டின் இழையைப் பிடிக்கிறது. வாலின் இன்னொரு பகுதியில் பி120 கேட்டெனின். இது இல்லாவிட்டால் கேட்ஹெரின் செல்லின் மேற்பரப்பில் தங்காது, உள்ளிழுக்கப்பட்டுச் சிதைக்கப்படும். ஆல்ஃபா-கேட்டெனின் இழுக்கப்படும்போது ஆக்டினை இன்னும் கெட்டியாகப் பிடிக்கிறது என்பதை மட்டும் தனியாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இழுத்தால் இறுகும் முடிச்சு. கருவளர்ச்சியில் இதன் பயன் பெரிது.

படி 1: செல்லைத் தேர்ந்தெடுத்தல்

எம்.டி.சி.கே. செல்களோடு தொடங்குங்கள். 1958இல் மேடினும் டார்பியும் ஒரு காக்கர் ஸ்பேனியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த வரிசை இது. வளர்ப்பது சுலபம். நெருக்கமாக வளர்ந்ததும் தளம் பாவிய கற்களைப்போல அழகான ஒற்றை அடுக்காகிவிடும். உறைபெட்டியிலிருந்து எடுக்கும்போது முதலாம் வகையா இரண்டாம் வகையா என்று கேட்டு, குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். முதல் வகையின் அடுக்கு மின்னோட்டத்தை மிகக் கடுமையாகத் தடுக்கும். இரண்டாம் வகையில் கிளாடின்-2 இருப்பதால் அடுக்கு கசியும், தடை பல மடங்கு குறைவு. இது தெரியாமல் பிறருடைய எண்களோடு தன் எண்களை ஒப்பிட்டுக் குழம்பியவர்கள் நிறைய.

தோல் கெரட்டினோசைட்டுகளிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். 0.05 மில்லிமோலார் கால்சியத்தில் அவை தனித்தனியாகப் பெருகிக்கொண்டிருக்கும், 1.2 மில்லிமோலாருக்கு உயர்த்தினால் கைகோக்கும். ஆனால் அதே நேரத்தில் முதிர்ச்சியையும் தொடங்கிவிடும். இரண்டு மாற்றங்கள் ஒன்றாக நடப்பதால் முதல் முறை செய்பவருக்கு எது எதனால் என்று பிரித்தறிவது கடினம். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: விதைத்தல், டிரிப்சினோடு ஒரு எச்சரிக்கை

கவர்ஸ்லிப்களை (மெல்லிய கண்ணாடித் துண்டுகளை) டிஷ்ஷில் போட்டு, இரண்டு மூன்று நாளில் முழுவதும் நிறையும் அளவுக்குச் செல்களை விதையுங்கள். நிறைந்த பின்பும் ஒரு நாள் விட்டுவையுங்கள். நிறைந்த அன்றே சோதனை செய்தால் சந்திப்புகள் பாதி முதிர்ந்தும் பாதி முதிராமலும் இருக்கும்.

செல்களைப் பெயர்த்தெடுக்கும் டிரிப்சின்-ஈ.டி.டி.ஏ. கரைசலில் ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடுங்குகிறது, புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சின் பாதுகாப்பிழந்த கேட்ஹெரினை வெட்டுகிறது. வழக்கமான விதைப்புக்கு இதனால் கெடுதல் இல்லை. ஓரிரு நாளில் செல் புதிதாகச் செய்துகொள்ளும். ஆனால் பெயர்த்த உடனே செல்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்று பார்க்கப்போகிறீர்கள் என்றால் கதையே மாறிவிடும். என் முதல் ஆண்டில் இதைக் கவனிக்காமல், "இந்தச் செல்கள் ஒட்டவே ஒட்டாது" என்று மூன்று வாரம் சாதித்துக்கொண்டிருந்தேன். ஒட்டும் கையை நானே வெட்டியிருந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் துறையே அந்த வேறுபாட்டிலிருந்துதான் பிறந்தது. 1977இல் ஜப்பானிய ஆய்வாளர் டகேச்சி, கால்சியத்தோடு டிரிப்சின் கொடுத்த செல்களையும் கால்சியம் இல்லாமல் கொடுத்தவற்றையும் ஒப்பிட்டார். ஒரே செல்லில் கால்சியம் வேண்டும் ஒட்டு ஒன்று, வேண்டாத ஒட்டு ஒன்று என்று இரண்டு இருப்பது அப்போது தெரிந்தது. முதலாவதன் பின்னால் இருந்த மூலக்கூறுக்குப் பின்னர் அவரே கேட்ஹெரின் என்று பெயரிட்டார். ஆகவே ஒட்டும் திறனைச் சோதிக்கும் நாளில் ஈ.டி.டி.ஏ. கலவாத டிரிப்சினை, 1 முதல் 2 மில்லிமோலார் கால்சியம் சேர்த்துப் பயன்படுத்துங்கள். செல்கள் தட்டைவிட்டுப் பெயரும், கேட்ஹெரின் பிழைக்கும்.

படி 3: கால்சியத்தை எடுத்தல்

இரண்டு வழிகள். கால்சியம் இல்லாத மீடியத்தில் செல்களை இரவு முழுவதும் வைப்பது ஒன்று. இதில் எல்லோரும் விழும் குழி சீரம். மீடியம் கால்சியம் இல்லாததாக இருந்தாலும் சீரத்தில் கால்சியம் உண்டு. 10 சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 0.3 மில்லிமோலார் உள்ளே வந்துவிடும். அதில் கேட்ஹெரின் பாதி விழித்தும் பாதி உறங்கியும் இருக்கும். டயாலிசிஸ் செய்து கால்சியம் போன்ற சிறு அயனிகளை நீக்கிய சீரம் வேண்டும்.

முதல் முறைக்கு இரண்டாம் வழி போதும்: வழக்கமான மீடியத்திலேயே, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.ஜி.டி.ஏ. சேர்ப்பது. மீடியத்தில் 1.8 மில்லிமோலார் கால்சியம் இருப்பதால் ஈ.ஜி.டி.ஏ.வின் இறுதிச் செறிவு 4 மில்லிமோலார் இருக்கட்டும். 37 டிகிரியில் 20 முதல் 30 நிமிடம்.

ஏன் ஈ.டி.டி.ஏ. கூடாது? அது மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். இன்டெக்ரின்களுக்கு மக்னீசியம் வேண்டும். அது போனால் செல்கள் கவர்ஸ்லிப்பையே விட்டு மிதந்துவிடும். ஈ.ஜி.டி.ஏ. கால்சியத்தை மட்டும் பெருமளவு தேர்ந்து பிடிப்பதால் பக்கத்துச் செல்லோடு உள்ள பிடி விடுபடும், தரையோடு உள்ள பிடி நிற்கும். கேட்ஹெரின் ஒட்டும் இன்டெக்ரின் ஒட்டும் வெவ்வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்முறை எனக்குத் தெரியாது.

இன்னொரு சிறு செய்தி. ஈ.ஜி.டி.ஏ. கால்சியத்தைப் பிடிக்கும்போது ஹைட்ரஜன் அயனிகளை விடுவிக்கிறது. மீடியம் மஞ்சளாக மாறினால் அமிலமாகிவிட்டது என்று பொருள். ஹெப்பெஸ் பஃபர் கலந்த மீடியம் இதைத் தாங்கும். இருப்புக் கரைசல் செய்யும்போது பி.எச். 8 அருகே வரும்வரை சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால்தான் தூள் கரையும். கரையவில்லையே என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகாதீர்கள்.

பத்து நிமிடம் கழித்து டிஷ்ஷை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். பாவிய கற்களாக இருந்தவை உருளத் தொடங்கி, இடையில் பளிச்சென்று வெளிகள் தெரியும். இருபது நிமிடத்தில், அவிழ்ந்த நெல்லிக்காய் மூட்டைதான்.

படி 4: திருப்பிக் கொடுத்தல்

ஈ.ஜி.டி.ஏ.வை உறிஞ்சி எடுங்கள். கால்சியமும் மக்னீசியமும் உள்ள பஃபரால் இரண்டு முறை மெதுவாகக் கழுவுங்கள். டிஷ்ஷின் சுவரோரமாக ஊற்றுங்கள், செல்களின் தலையில் ஊற்றாதீர்கள். பிறகு வழக்கமான மீடியம்.

இந்த நொடி உங்கள் பூஜ்ய நேரம். பூஜ்யம், 15 நிமிடம், 30 நிமிடம், 1 மணி, 2 மணி, 4 மணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கவர்ஸ்லிப். கால்சியத்தை எடுக்காத ஒன்றும் கூடவே இருக்கட்டும். நேரம் குறைவாக இருந்தால் 4 மணியை விட்டுவிடலாம். 15 நிமிடத்தை விடாதீர்கள். சுவையான காட்சி அதில்தான்.

படி 5: நிலைப்படுத்தல், சாயமேற்றல்

4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு, 10 முதல் 15 நிமிடம், ஃபியூம் ஹூட்டுக்குள். அதற்கு முன்பு கழுவும் பஃபரிலும் கால்சியம் இருக்கவேண்டும். ஆய்வகங்களில் வழக்கமாகக் கழுவும் உப்புக் கரைசலான சாதாரண பி.பி.எஸ்.ஸில் கால்சியம் இல்லை. அதில் கழுவிவிட்டு ஃபோன் பேசப் போனீர்கள் என்றால், திரும்பி வருவதற்குள் எல்லாக் கவர்ஸ்லிப்களும் பூஜ்ய நேரக் கவர்ஸ்லிப்களாகியிருக்கும்.

நிலைப்படுத்திய பின் சோப்புப் போன்ற 0.1 சதவீத ட்ரைட்டனால் சவ்வைத் துளையிட்டு, ஆல்புமினால் வெற்றிடங்களை அடைத்து, இ-கேட்ஹெரினுக்கான எதிர்ப்பொருளை ஒரு மணி நேரம் வையுங்கள், பிறகு அதைப் பிடிக்கும், பச்சையாக ஒளிரும் இரண்டாம் எதிர்ப்பொருளை. வாங்குமுன் முதல் எதிர்ப்பொருள் நாய்ப் புரதத்தை அடையாளம் காணுமா என்று பாருங்கள். மனித இ-கேட்ஹெரினுக்கு நன்றாக வேலை செய்யும் சில எதிர்ப்பொருள்கள் எம்.டி.சி.கே.யில் வெறும் இருட்டைத்தான் காட்டும். ஆக்டினுக்கு ஃபாலாய்டின் சாயம், உட்கருவுக்கு டாப்பி சாயம். மெத்தனாலில் நிலைப்படுத்தினால் சில சந்திப்புப் புரதங்கள் பளிச்சென்று தெரியும் என்பது உண்மை. ஆனால் அதன் பிறகு ஃபாலாய்டின் ஒட்டாது.

ஒரு கவர்ஸ்லிப்பை மட்டும் ட்ரைட்டன் இல்லாமல், கேட்ஹெரினின் வெளிப்பகுதியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளால் சாயமேற்றுங்கள். அது செல்லின் மேற்பரப்பில் இருப்பதை மட்டும் காட்டும்.

படி 6: பார்த்தல்

அவசரப்படாதீர்கள். கால்சியம் எடுக்காத கவர்ஸ்லிப்பை முதலில் பாருங்கள்: ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய, அறுபடாத பச்சைக் கோடு, அதை ஒட்டியே ஆக்டின் வளையம். அடுத்து பூஜ்ய நேரம். கோடு இல்லை. பச்சை முழுவதும் மறைந்துவிடவில்லை, செல்லுக்குள் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். பிடி விட்ட கேட்ஹெரினைச் செல் உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது. ஆக்டின் வளையம் சுருங்கி உட்கருவை நோக்கிப் போயிருக்கும். ட்ரைட்டன் இல்லாத கவர்ஸ்லிப்பையும் பக்கத்தில் வைத்தால், மொத்தம் எவ்வளவு, மேலே எவ்வளவு என்ற வேறுபாடு கண்ணில் அறையும்.

15, 30 நிமிடங்களில் செல்கள் ஒன்றையொன்று நோக்கிச் சிறு நீட்சிகளை விடுவதைப் பார்ப்பீர்கள். அவை தொடும் இடத்தில் பச்சைப் பொட்டு. ஒவ்வொரு பொட்டிலும் ஒரு ஆக்டின் கற்றை வந்து முடியும். அருகருகே இருக்கும் பொட்டுகள் பிறகு கூடி, துண்டுக் கோடாகி, ஒரு மணி இரண்டு மணியில் முழுக் கோடாகின்றன. பை மூடும் ஜிப்பை நினைவூட்டும் காட்சி. கோடு நேராக ஆக நேரம் பிடிக்கும். முதலில் வளைந்து நெளிந்து இருந்தது, ஆக்டின் வளையம் இழுக்க இழுக்க விறைப்பாகிறது.

கோடு தெரிவதும் அடுக்கு அடைபடுவதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். மின்தடை அளக்கும் கருவி இருந்தால், கேட்ஹெரின் கோடாகிச் சில மணி நேரத்துக்குப் பிறகுதான் தடை முழுதாக ஏறும். கேட்ஹெரின் முதலில் வந்து இடம் பிடிக்கிறது. கிளாடின் பின்னால் வந்து இடுக்கை அடைக்கிறது.

படங்களை எண்ணாக்கும்போது மொத்த ஒளிர்வை அளந்து விட்டுவிடாதீர்கள். எல்லை ஒளிர்வுக்கும் செல்லுள் ஒளிர்வுக்கும் உள்ள விகிதத்தை அளங்கள். மொத்த அளவு இந்தச் சோதனையில் பெரிதாக மாறுவதில்லை, இடம்தான் மாறுகிறது.

படி 7: ஒப்பீட்டுக் கட்டுப்பாடுகள்

இரண்டாம் எதிர்ப்பொருள் மட்டும் இட்ட கவர்ஸ்லிப் ஒன்று. கால்சியம் திரும்பிவந்த மீடியத்தில் கேட்ஹெரினைத் தடுக்கும் எதிர்ப்பொருள் சேர்த்தது ஒன்று. இதில் கோடு உருவாவது தடைபட்டால்தான், செல்களைச் சேர்த்தது கேட்ஹெரின் என்று சொல்ல உங்களுக்கு உரிமை. கால்சியம் செல்லுக்குள் ஆயிரம் வேலை செய்கிறது. ஆக்டின் இழைகளைக் கலைக்கும் லாட்ருங்குலின் சேர்த்த ஒன்றையும் செய்தால், பொட்டுகள் ஒழுங்கான கோடாக மாறத் தடுமாறுவதைப் பார்க்கலாம்.

படி 8: தொங்கும் துளி

இது எளிது. கால்சியத்தோடு டிரிப்சின் கொடுத்துப் பிரித்த செல்களை, டிஷ் மூடியின் உட்புறத்தில் 20 முதல் 30 மைக்ரோலிட்டர் துளிகளாக வைத்து மூடியைக் கவிழ்த்துவிடுங்கள். டிஷ்ஷில் கொஞ்சம் பஃபர் இருந்தால் துளி காயாது. தரை இல்லாததால் செல்களுக்குப் பிடிக்க ஒன்றையொன்று தவிர வேறெதுவும் இல்லை. மறுநாள் காலை துளிக்குள் ஒரு கட்டி இருக்கும். பிப்பெட்டால் பத்து முறை உறிஞ்சி விடுங்கள். உடையாமல் நிற்கும் கட்டிகளே ஒட்டின் உறுதிக்குச் சாட்சி.

இரண்டு செல் வரிசைகளை இரண்டு நிறமாக்கிக் கலந்து வைத்தால் இன்னும் சுவாரசியம். வெவ்வேறு கேட்ஹெரின் உள்ளவை தனித்தனியே பிரிந்து நிற்கும். ஒரே கேட்ஹெரின், ஆனால் ஒன்றில் அதிகம் மற்றதில் குறைவு என்றால், அதிகம் உள்ளவை நடுவுக்குப் போகும், குறைந்தவை மேலே போர்த்தும். 1907இல் வில்சன் கடற்பஞ்சை மெல்லிய துணி வழியாகப் பிழிந்து, பிரிந்த செல்கள் மறுபடி பஞ்சாகக் கூடுவதைப் பார்த்தார். 1955இல் டவுன்ஸும் ஹோல்ட்ஃப்ரேட்டரும் நீர்நில வாழ்வியின் கருச்செல்களைக் கலந்துவிட்டு, தோலாக வேண்டியவை வெளியேயும் நரம்பாக வேண்டியவை உள்ளேயும் தாமாகவே போய்ச் சேர்வதைக் காட்டினார்கள். ஒட்டும் வலிமையின் வேறுபாடே இதற்குக் காரணம் என்று ஸ்டைன்பெர்க் 1960களில் வாதிட்டார். செல்லின் மேற்பரப்பு எவ்வளவு விறைப்பாக இழுக்கப்படுகிறது என்பதும் சம பங்கு, சில இடங்களில் அதற்கு மேலும் வகிக்கிறது என்று பிற்கால ஆய்வுகள் சேர்த்துக்கொண்டன. ஆகவே துளியில் பிரிந்து நின்றதைப் பார்த்ததும் "கேட்ஹெரின் அளவுதான் காரணம்" என்று எழுதிவிடாதீர்கள்.

இனி கருவைப் படியுங்கள்

கையில் செய்து பார்த்தபின் கருவளர்ச்சிக் கட்டுரைகளைத் திறந்தால் கேள்விகள் தாமாக வரும். இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்க மாட்டீர்கள். எங்கே இருக்கிறது? எதிரே யார்? உள்ளே எதைப் பிடித்திருக்கிறது? எவ்வளவு நேரம் தங்குகிறது?

எலிக் கருவை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுச் செல் நிலைவரை செல்கள் கோலிக் குண்டுகளைப்போல உருண்டையாக நிற்கின்றன. பிறகு ஒன்றோடொன்று அழுந்தி எல்லைகளே தெரியாதபடி இறுகுகின்றன. இதுவே கருவின் முதல் எபிதீலியத்துக்கான தொடக்கம். ஆனால் இ-கேட்ஹெரின் எட்டுச் செல் நிலைக்கு முன்பே அங்கே இருக்கிறது! புரதம் வந்ததால் இறுக்கம் வந்தது என்று சொல்ல முடியாது. இருந்த புரதத்தைப் பயன்படுத்தும் விதம் மாறியது. 1994இல் இ-கேட்ஹெரின் மரபணுவை நீக்கிய எலிகளிலும் இந்த முதல் இறுக்கம் நடந்தது, தாயின் முட்டையிலிருந்து வந்த புரதம் மிச்சம் இருந்ததால். அது தீர்ந்ததும் கரு நொடிந்தது. நீரை அடைத்து வைக்கும் வெளி எபிதீலியத்தை அதனால் கட்ட முடியவில்லை.

அடுத்து, கரு மூன்றடுக்காகும் கட்டம். எபிதீலியமாக இருந்த செல்கள் வரிசையை விட்டு உள்ளே நழுவ வேண்டும். ஸ்னெயில் என்ற புரதம் இ-கேட்ஹெரின் மரபணுவை அடக்குகிறது. அதை நீக்கிய எலிக் கருவில் நடு அடுக்குச் செல்கள் உருவாகின்றன, ஆனால் இ-கேட்ஹெரினை விடாமல் எபிதீலியக் குணத்தோடே இருந்துவிடுகின்றன. கையை விடுவதற்கும் ஒரு மரபணு வேண்டியிருக்கிறது. நரம்புக் குழாய் உருவாகும்போது விடுவதற்குப் பதிலாக மாற்றம் நடக்கிறது: நரம்புத் தட்டுச் செல்கள் இ-கேட்ஹெரினை விட்டு அதன் உறவினரான என்-கேட்ஹெரினுக்கு மாற, மேலே தோலாகப் போகும் செல்கள் இ-கேட்ஹெரினோடே தொடர்கின்றன. உங்கள் தொங்கும் துளியில் இரண்டு நிறங்கள் பிரிந்தது நினைவுக்கு வரவேண்டும்.

பழ ஈக் கருவின் உடல் நீளும் கட்டத்தில் விடுவதும் இல்லை, மாறுவதும் இல்லை. அப்போது எபிதீலியச் செல்கள் ஒட்டு அறுபடாமலே அண்டைச் செல்களை மாற்றிக்கொள்கின்றன. சில எல்லைகளில் ஆக்டினை இழுக்கும் மயோசின் கூடுதலாகத் திரண்டு அந்த எல்லையைச் சுருக்குகிறது. நான்கு செல்கள் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. அங்கிருந்து செங்குத்தான திசையில் புது எல்லை விரிகிறது. இழுத்தால் இறுகும் முடிச்சும், கேட்ஹெரினை உள்ளிழுத்து மறுபடி வெளியிடும் ஓட்டமும் சேர்ந்தால்தான் இது முடியும்.

நோய் பற்றிய கட்டுரைகளையும் இதே கேள்விகளோடு படியுங்கள். டெஸ்மோகிளீன்-3க்கு எதிராக உடலே எதிர்ப்பொருள் செய்துகொள்ளும் பெம்ஃபிகஸ் வல்காரிஸில் தோலும் வாயின் உட்தோலும் கொப்புளமாகப் பிரிகின்றன, நீங்கள் ஈ.ஜி.டி.ஏ.வில் செய்ததன் கொடிய வடிவம். இ-கேட்ஹெரின் மரபணுவில் பிறவியிலேயே வரும் பிழை ஒரு வகைப் பரம்பரை இரைப்பைப் புற்றுக்குக் காரணம் என்பதை நியூசிலாந்தின் ஒரு மாவோரி குடும்பத்தில் 1998இல் கண்டறிந்தார்கள். ஆனால் எல்லாப் பரவும் புற்றும் இ-கேட்ஹெரினை இழப்பதில்லை. மார்பகத்தின் லோபுலார் வகைப் புற்று பெரும்பாலும் இழக்கிறது. டக்டல் வகையில் பல அதை வைத்துக்கொண்டே பரவுகின்றன. "இ-கேட்ஹெரின் குறைந்தது, ஆகவே செல் எபிதீலியத் தன்மையை இழந்தது" என்று ஒற்றைச் சாயப்படத்தை வைத்து முடிவு கட்டும் கட்டுரை கையில் வந்தால், ட்ரைட்டன் இட்டார்களா, எல்லையை அளந்தார்களா, கழுவிய பஃபரில் கால்சியம் இருந்ததா என்று செய்முறைப் பகுதியைப் புரட்டுங்கள்.

அடுத்த சோதனையாக எதைச் செய்வது என்றால், டிஸ்பேஸ் நொதியால் முழு அடுக்கையும் ஒரே தாளாகப் பெயர்த்து, குழாயில் இட்டுக் குலுக்கி, எத்தனை துண்டாகிறது என்று எண்ணுவதைச் சொல்வேன். அது டெஸ்மோசோம்களின் கதை. தாளைப் பெயர்க்கும்போது இடுக்கியால் தொடாதீர்கள், ஓரத்தில் கிழிந்தால் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும்.